பதினைந்தாம் ஸ்தலம்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் பூசிய சாம்பலைத் துடைக்காமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆறாம் வகுப்பு என்னை வேண்டாம் என்றது, நானும் அதை வற்புறுத்தவில்லை. கடை வாசலில் ‘இங்கு பஞ்சர் பார்க்கப்படும்’ என்று எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் பெரிய எழுத்து இதுதான்.

எழுத வைத்தது எங்கள் பங்குச் சாமியார் எட்வின். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்குக் கறியை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு மீனை இரட்டிப்பாகத் தின்பேன். எல்லாரும் இளைத்துப்போய் ஈஸ்டருக்கு வருவார்கள், நான் மட்டும் புதுச் சட்டைக்குப் பித்தான் போட முடியாமல் நிற்பேன். இந்த வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைக் கேட்டுவிட்டுச் சாமி முந்திக்கொண்டார்.

“கறியத் தாராளமாச் சாப்பிடுங்க, அருளப்பன். கிண்டல விடுங்க” என்றார்.

விட்டேனா இல்லையா என்று எழுதிவைத்து, ஈஸ்டர் கழிந்து அவரிடம் காட்ட வேண்டுமாம். ஆகவே இதை எழுதுகிறவன் மிகவும் நல்லவன். சாமி கவனிக்க.

ரெஜினாவிடம் சொன்னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 19

காலைக் காப்பிக்கு முன்பே தவறிவிட்டேன். விஷயம் காப்பியைப் பற்றியது. இதற்கு மேல் எழுதினால் நாளைக்குக் காப்பி கிடையாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரின் பெயரை வாசித்தார்கள். இயேசு தம் சீடர்களுடைய காலைக் கழுவிய நினைவாக, சாமியார் ஊரில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்துக் கழுவி, துடைத்து, முத்தமும் கொடுப்பார். இந்த வருஷம் என் பெயரும் வந்தது. ரெஜினா திரும்பி என் காலைப் பார்த்தாள். பிறகு பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அது எட்வின் சாமிக்காகச் செய்த ஜெபம்.

குதிகால் இரண்டும் மார்கழி மாதத்துக் குளம் மாதிரி இல்லை, சித்திரை மாதத்துக் குளம் மாதிரி. வெடிப்புக்குள் இருக்கிற கிரீஸ் என் அப்பா கடை நடத்திய காலத்தது.

வியாகப்பன் பெயரும் பன்னிரண்டில் உண்டு. அவனும் நானும் சின்ன வயசில் ஒன்றாக முதல் நற்கருணை வாங்கியவர்கள். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். இந்த ஊரில் எந்த வீட்டுக் கல்யாணச் சோறும் அவன் அண்டாவில் வெந்ததுதான். ஒரு காலத்தில் மகா குடிகாரன். குடித்துவிட்டு அண்டாவுக்குள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறான், கல்யாண வீட்டார் மூடியைத் திறந்து அலறியிருக்கிறார்கள். நாலு வருஷமாக ஒரு சொட்டு கிடையாது. இப்போது பங்கின் மதுவிலக்குச் சபைக்கு அவன்தான் தலைவன். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மைக்கைப் பிடித்து அந்த அண்டாக் கதையை அவனே சொல்வான். கோயிலே சிரிக்கும், பிறகு அழும். எனக்குக் கொஞ்சம் பொறாமை. என்னால் சிரிக்க மட்டும்தான் வைக்க முடியும்.

மார்ச் 1

கோயிலுக்குப் போனோம். வாசலில் ஒரு குடையைப் பார்த்தேன். அதன் சொந்தக்காரரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பெரிய வெற்றி.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் வியாகப்பன் கடைக்கு வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்தான். சாயங்காலம் தெருவில் சிலுவைப்பாதை, சிலுவை தூக்குவது மதுவிலக்குச் சபையின் முறை. அதற்கு வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். டயரில் சிக்கியிருந்த கல்லை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நாளா தூக்கமே இல்லல. பழைய நெனப்பாவே வருது” என்றான்.

“பழைய நெனப்பா? ஒன் எட்டாங்கிளாஸ் பிலோமினாவா?” என்றேன்.

அவனும் சிரித்தான். ஒரு வண்டிக்குக் காற்று அடித்துவிட்டுத் திரும்பினேன், போய்விட்டான். கணக்குக்காக எழுதுகிறேன்: இன்னொரு தவறு.

சாயங்காலம் நடந்தது பெரிது. சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலம் உண்டு, ஒவ்வொன்றிலும் நின்று ஜெபிப்போம். அந்தோணியார் தெருவில் ஐந்தாம் ஸ்தலம் முடிந்து ஆறாவதுக்கு நகரும்போது, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் வியாகப்பன் இடப்பக்கம் சாய்ந்தான். வலப்பக்கம் சாய்ந்தான். சிலுவையோடு விழுந்தான். தூக்கப் போனவர்கள் சாராய வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சனம் ‘தயவாயிரும்’ என்று பாதி சொல்லிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி யார் வாயிலிருந்தும் வரவில்லை.

எட்வின் சாமி சிலுவையைத் தன் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தார். வியாகப்பனை அவன் மனைவியும் மகள் ஸ்டெபினாவும் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பு. தெருவே போனை நீட்டிக்கொண்டு நின்றது.

மார்ச் 7

டீக்கடையில் நேற்றைய பேச்சுதான். நான் பேசக் கூடாது என்றுதான் போனேன். வடையை வாயில் திணித்துக்கொண்டுகூடப் பார்த்தேன். வடை தீர்ந்துவிட்டது.

“இயேசு மூணு தடவை விழுந்தாரு, மூணுக்கும் ஸ்தலம் வச்சிருக்கோம். வியாகப்பன் விழுந்ததுக்கு மட்டும் வைக்கலன்னா அநியாயம். பதினஞ்சாம் ஸ்தலம், வியாகப்பன் டிரான்ஸ்பார்மர் அடியில விழுகிறார்” என்று, ஜெபம் வாசிக்கிற ராகத்திலேயே சொன்னேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. கடைக்காரர் என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. மூன்றாவது தவறு. ஆனால் சாமி, நல்ல தவறு.

மார்ச் 8, ஞாயிறு

எனக்கு முன்பே பகடி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் நான் சொன்னதையே என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டீரா அருளப்பா, ரொம்ப நல்லா இருக்கு என்கிறார்கள். நான் சொன்னதுதான் என்றால் நம்பவில்லை.

வியாகப்பன் வரவில்லை.

மார்ச் 12

பாத்திரக் கடை இன்னும் திறக்கவில்லை. ஒரு சடங்கு வீட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் அண்டா வந்து இறங்கியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாத்திய கடை முன்னால் முழங்கால் போட்டு, ‘பதினஞ்சாம் ஸ்தலம்’ என்று ராகம் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ராகம் அப்படியே என்னுடையது. பிள்ளைகளுக்கு நல்ல காது.

இன்றைக்கு ஆறு பஞ்சர். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

பாதம் கழுவும் பன்னிரண்டு பேரையும் பூசைக்குப் பிறகு சாமி கூப்பிட்டிருந்தார். பதினொரு பேர் வந்தோம். மதலைமுத்து வாத்தியார் எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பங்குப் பேரவையின் துணைத்தலைவர். வியாகப்பனை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும் என்றார். தனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை, பரிசுத்தமான காரியம் என்பதால் சொல்கிறேன் என்றார். சிலுவையோடு விழுந்தவன் காலைச் சாமியார் முத்தமிட்டால் வெளி ஊரில் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். வியாகப்பன் உட்கார்ந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்று இன்னும் நாலு பேர் சொன்னார்கள்.

சாமி கோபப்படவில்லை. “நான் பன்னெண்டு நாற்காலி போடுவேன். வர்றவங்க காலக் கழுவுவேன். வராதவங்களுக்கு நாற்காலியத் தொடச்சி வைப்பேன்” என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்கள். சொல்வதற்கு என்னிடம் இரண்டு நல்ல கிண்டல் இருந்தது, இரண்டும் வாத்தியாரைப் பற்றியது. அவற்றை விழுங்கினேன். விழுங்கிய பிறகு உள்ளே வேறு பேச்சு எதுவும் இல்லை. என் சங்கதி அவ்வளவுதான் என்று இத்தனை வயசுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் வாத்தியார் என் தோளில் தட்டினார். நீர் வைத்த பெயர் பொருத்தமான பெயர், அருளப்பன் என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் பாராட்டியதில்லை.

ராத்திரி சோறு இறங்கவில்லை. மீன் குழம்பில் உப்பு கூடுதல். ரெஜினா இல்லை என்கிறாள்.

மார்ச் 18

கடையில் சும்மா உட்கார்ந்து யோசித்தேன். அன்றைக்கு எருசலேமிலும் ஒரு பேரவை இருந்து, துணைத்தலைவரும் இருந்திருந்தால், இயேசுவின் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? ஒருவர் சேவல் கூவுவதற்குள் ஆளையே தெரியாது என்றார். ஒருவர் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். இரண்டு பேர் பக்கத்து நாற்காலி வேண்டும் என்று அம்மாவை விட்டுச் சிபாரிசு பிடித்தார்கள். பணப்பை வைத்திருந்து காட்டிக்கொடுத்தவரைச் சொல்லவே வேண்டாம். அவர் காலையும் சேர்த்துத்தான் இயேசு கழுவியிருக்கிறார்.

இது கிண்டலில் சேருமா என்று தெரியவில்லை. சாமி முடிவு செய்துகொள்ளட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

ரெஜினாவுக்கு ஒரு பெரிய இருப்புச்சட்டி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வியாகப்பன் வீட்டுக்குப் போனேன். ரெஜினாவிடம் நாலு இருப்புச்சட்டி இருக்கிறது. அவன் மனைவி கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வியாகப்பன் பின்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, புளி போட்டு அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் வாடகைக்கு எடுக்காத அண்டாக்கள். கண் கூசுகிற மாதிரி மின்னின.

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. “இதுல எதுலல நீ தூங்கினது?” என்று கேட்டேன்.

அவன் ஒரு அண்டாவைக் காட்டினான். பிறகு தேய்ப்பதை நிறுத்தினான்.

“நீ சொன்னத டீக்கடைக்காரர் எங்கிட்டயே சொன்னாரு, அருளு. நானும் சிரிச்சேன். நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா மறைக்கல்வி வகுப்புல எத்தன ஸ்தலம்னு கேட்டிருக்காங்க. எம்மக எந்திரிச்சி பதினாலுன்னிருக்கா. எல்லாப் பிள்ளையளும் பதினஞ்சி பதினஞ்சின்னு கத்தியிருக்கு. வீட்டுக்கு வந்து, பதினாலுதானப்பான்னு எங்கிட்ட கேக்கா. நான் என்னல சொல்ல?”

கீழே கிடந்த புளியை எடுத்து, பக்கத்திலிருந்த அண்டாவைத் தேய்த்தேன். ரொம்ப நேரம் தேய்த்தேன். அது ஏற்கெனவே தேய்த்த அண்டா என்று அவன் அப்புறம்தான் சொன்னான்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு குடிக்கவில்லையாம். ஆனால் இனிமேல் கோயிலுக்குள் வருவதாக இல்லை, பன்னிரண்டில் தன் பெயரை எடுத்துவிடச் சொல் என்றான். சாமி நாற்காலி போடுவார் என்றேன்.

“உக்காருறது ஒண்ணும் இல்லல. வாசல்லருந்து பீடம் வரைக்கும் நடக்கணும். மொத்தக் கோயிலும் என் காலத்தான் பாக்கும், ஆடுதா ஆடலையான்னு. அப்படிப் பாத்தா குடிக்காட்டாலும் ஆடும்ல” என்றான்.

இன்னொன்றும் சொன்னான். இப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தால் எத்தனை நாள் குடிக்காமல் இருப்பேன் என்று தனக்கே தெரியவில்லை என்றான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அண்டாவைப் பார்த்துச் சொன்னான்.

இருப்புச்சட்டியைச் சுமந்துகொண்டு வந்தேன். ரெஜினா ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 23

டீக்கடைக்குப் போய், இனிமேல் யாரும் அந்தப் பதினைந்தாம் ஸ்தலப் பேச்சைப் பேசக் கூடாது, சொன்னவனே கேட்டுக்கொள்கிறேன், அது தப்பு என்று சொன்னேன். பிறகு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்கிறான் பார், இது அதைவிட நல்லா இருக்கு என்றார்கள்.

நான் அழுதாலும் இந்த ஊர் கைதட்டும்.

மார்ச் 25

மதலைமுத்து வாத்தியார் வீட்டுக்குப் போனேன். எருசலேம் பேரவையைப் பற்றி நான் யோசித்ததை, அதாவது 18-ஆம் தேதி எழுதியதை, மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வேதத்தை விளையாட்டாகப் பேசாதே என்றார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. எங்கள் ஊர்ப் பன்னிரண்டில் பெண்களைச் சேர்ப்பதில்லை.

மற்ற நாலு பேரில் மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர், வியாகப்பன் பக்கத்தில் இல்லாமல் தள்ளி உட்காருகிறேன் என்றார். எதற்கும் சம்மதித்தேன்.

வியாகப்பனிடம் தினமும் போய்வருகிறேன். போய் உட்காருவேன். அவன் பேசினால் கேட்பேன். இன்றைக்கு அவன் அடுத்தடுத்து மூன்று டம்ளர் மோர் குடித்தான். கிண்டலுக்கு இடம் இருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ஓலை பிடித்து ஊர்வலம் போனோம். வியாகப்பன் வரவில்லை. அவன் வீட்டைக் கடக்கும்போது ஜன்னலுக்குள் ஸ்டெபினா நின்றாள். என் கையிலிருந்த குருத்தோலையை ஜன்னல் கம்பிக்குள் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தாலே சிரிக்கும், இவளும் முன்பெல்லாம் சிரிப்பாள்.

ஏப்ரல் 1, புதன்

ரெஜினா என்னைக் கொல்லையில் கல்லின் மேல் உட்கார வைத்து மண்ணெண்ணெய், சீயக்காய், பீர்க்கங்காய் நார் என்று மூன்று படையோடு என் காலுக்குப் போர் தொடுத்தாள். முதல் தண்ணீர் எஞ்சின் ஆயில் மாதிரி போனது. சாமியார் கழுவுகிற காலை நான் எதற்குக் கழுவ வேண்டும் என்று அவள் நடுவில் நியாயம் கேட்டாள். பன்னிரண்டு வீட்டிலும் இன்றைக்கு இதுதான் நடக்கும் என்றேன். கழுவத் தேவையில்லாத காலைத்தான் எல்லாரும் சாமியாரிடம் நீட்டுவோம்.

வியாகப்பன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சட்டை துவைத்து ஆணியில் தொங்கியது. அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

இரண்டிரண்டு பேராக வாசலில் நின்றோம். என் பக்கத்தில் ஆள் இல்லை. மதலைமுத்து வாத்தியார் குடும்பத்தோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எதிர்த்தவர்களில் இன்னொருவர் அவருக்குப் பின்னால். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அப்போது வியாகப்பன் தெருவில் வந்தான். மனைவி ஒரு பக்கம், ஸ்டெபினா ஒரு பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு என் அருகில் வந்து நின்றான். வாயிலிருந்து பல்பொடி வாசம் அடித்தது. மூன்று தடவையாவது பல் விளக்கியிருப்பான்.

நடந்தோம். கடைசி ஜோடி நாங்கள்தான். அவன் சொன்னது சரி. முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சு பெஞ்சாகத் தலை குனிந்தது. நாலைந்து பெஞ்சு தாண்டியதும் சிலர் போனைத் தூக்கினார்கள். வியாகப்பன் கை என் கையில் உரசியது, ஐஸ் மாதிரி இருந்தது. நடை சிறுத்தது. நின்றுவிட்டான். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒரு நொடியில் போயிருப்பான்.

அந்த நேரம் பார்த்து எனக்கு வேட்டி தடுக்கிவிட்டது.

சும்மா இல்லை, தடாலென்று. முழங்கால் தரையில், தாடை ஒரு பெஞ்சின் காலில், மூக்குக்கண்ணாடி எங்கேயோ. பாட்டு நின்றது. ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது, பிறகு பெண்கள் பக்கம், பிறகு மொத்தக் கோயிலும். பீடத்தில் எட்வின் சாமி அங்கியால் வாயை மூடிக்கொண்டார். எல்லாப் போனும் என்னைத்தான் பிடித்திருக்கிறது. நான் எழ முயன்றேன், மறுபடி வழுக்கினேன்.

வியாகப்பன் குனிந்து என்னைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

“பாத்து நடல, மூதி. நானே நிக்கேன், நீ விழுதே” என்றான். மெதுவாகத்தான் சொன்னான், நாலு பெஞ்சுக்குக் கேட்டது.

நான் நொண்டினேன். அவன் என்னைத் தாங்கிக்கொண்டு பீடம் வரைக்கும் வந்தான். என் கனத்தைச் சுமக்கிறவனுக்கு ஆடுவதற்கு நேரம் ஏது. இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. சாமி பத்துப் பேர் காலைக் கழுவினார். வியாகப்பன் முன்னால் முழங்கால் போட்டபோது அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். சாமி விடவில்லை. கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். வியாகப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெண்கள் பக்கத்தில் ஸ்டெபினா மட்டும் எழுந்து நின்று, நன்றாகத் தெரிகிற மாதிரி எட்டிப் பார்த்தாள்.

பிறகு சாமி காலியான இரண்டு நாற்காலியையும் துண்டால் துடைத்தார். மதலைமுத்து வாத்தியார் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பில்லாத, நன்றாகக் கழுவிய கால். அவரும் நேற்று வீட்டில் கழுவியிருக்கிறார். அவரைப் பற்றி ஒன்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். பாவம், அவரும் வாசலிலிருந்து பீடம்வரை நடக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. ரெஜினா எண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டே கேட்டாள்.

“வேணும்னேதான விழுந்தீங்க?”

“போடி, வேட்டி தடுக்கிட்டு.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “நீங்க பேன்ட்டுலா போட்டிருந்தீங்க” என்றாள்.

சாமி இதைப் படிக்கப் போகிறார். அதனால் எழுதிவைக்கிறேன். பேன்ட்டும் தடுக்கும்.